பூட் என்றால் பூட்டு இல்லை

சிரிக்காதீர்கள். ஆமாம், கம்ப்யூட்டர் பெட்டிதான். ஆமாம், இது பூட்டுக்கடைதான். இரண்டும் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தீர்களானால் இதை பெஞ்சிலேயே வைத்துவிடுவேன். மடியில் வைத்து வைத்துத் தொடை மரத்துப் போய்விட்டது. ஆட்டோக்காரன் வேறு, "என்னம்மா, பூட்டுக்கடைக்கு டிவி கொண்டு போறீங்க?" என்கிறான். டிவியாம்! டிவிக்கும் சிபியூவுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? பீரோ சாவியா? தொலைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் நேரமாகும். சிக்கந்தர் பாய் உள்ளே யாருக்கோ அரத்தால் சாவி ராவிக்கொண்டிருக்கிறார். அது முடிந்து நான், எனக்கு அப்புறம்தான் நீங்கள். வரிசை என்றால் வரிசை.

இந்தப் பெட்டிக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. என் வீட்டுக்காரர் போட்ட பூட்டு. அதைத் திறந்தாக வேண்டும். உள்ளே ஒரே ஒரு வரி இருக்கிறது, அதை நான் படித்தாக வேண்டும். அவ்வளவுதான். என்ன வரி என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், உங்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

என் வீட்டுக்காரர் பெயர் இன்னாசிமுத்து. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்து வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுப்பார்களே, அந்த வேலை. முப்பத்து நான்கு வருஷம். இந்தத் திண்டுக்கல்லில் இவர் ஏறாத படி கிடையாது. ரிடையர் ஆனார். ரிடையரான மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாக்கிங் போவார்கள், பேப்பர் படிப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா?

நாய்களைப் பட்டியல் போட்டார்.

நாய். ஆமாம், அதேதான். முப்பத்து நான்கு வருஷத்தில் எந்தெந்த வீட்டில் என்னென்ன நாய் இருந்தது என்று ஒன்று விடாமல். வீட்டுக்கு ஒரு பக்கம். தெருப் பெயர், கதவு எண், நாயின் நிறம். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக. குரைக்கும்: ஆம், இல்லை. கடிக்கும்: ஆம், இல்லை. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவார் என்கிறீர்கள்? "தபால்காரரைப் பிடிக்காது. நம்மைப் பிடிக்கும்." இது ஒரு குறிப்பு. "மீட்டர் பெட்டிக்குக் கீழேயே படுத்திருக்கும். தாண்டிப் போனால் கோபிக்காது, மிதித்தால் கோபிக்கும்." மிதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? வேடப்பட்டி ரோட்டில் ஒரு ராஜபாளையமாம், வெள்ளை. அதற்குக் குறிப்பு: "ஊரே கூடும்படி குரைக்கும். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் போதும், உட்கார்ந்துவிடும்." நாயிடம் போய் சாப்பிட்டியா என்று கேட்பாரா ஒரு மனிதர்? அரசாங்கம் இவருக்கு இதற்கா சம்பளம் கொடுத்தது?

எழுத்தோடு விட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நாய்க்கும் போட்டோ. உயிரோடு இருக்கிற நாயை நேரில் போய் எடுத்தார். செத்துப் போன நாய்க்கு, அது கட்டிக் கிடந்த இடத்தைப் போய் எடுத்தார். வெறும் தூண், வெறும் கேட், வெறும் முருங்கை மரம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் எங்கே இருக்கிறது? என் கம்ப்யூட்டரில்.

என் கம்ப்யூட்டர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கான்வென்ட்டின் வைர விழா மலருக்கு நான்தான் எடிட்டர். பழைய மாணவிகள் சங்கத்தில் போட்டியே இல்லாமல் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட ஒருத்தி எழுந்தாள், ரோஸ்லின் கான்ஸ்டன்ஸ் என்று பெயர். நான் திரும்பிப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷ உழைப்பு. முதல் மதர் சுப்பீரியரிலிருந்து இன்றைய சிஸ்டர்கள் வரை அறுபத்தெட்டு கன்னியாஸ்திரிகளின் போட்டோ சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரிலிருந்து சண்டை போட்டு வாங்கியது. போன வருஷம் தவக்காலத்தில் ஒருநாள், டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. நான் என்ன செய்வேன்? ஒரு பக்கம் அறுபத்தெட்டு கன்னியாஸ்திரிகள், இன்னொரு பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு நாய். நீங்களே சொல்லுங்கள்.

டிலீட் பண்ணிவிட்டேன்.

இவர் வந்தார். பார்த்தார். "எல்லாமேவா?" என்றார். "எல்லாமே" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் காய்ந்த துணியை எல்லாம் எடுத்து வந்து மடித்து வைத்தார். ஒரு வார்த்தை பேச வேண்டுமே! கிடையாது. நான்தான் பேசினேன். நாய்க்காக ஒரு மனிதர் முகத்தை இப்படி வைத்துக்கொள்ளலாமா, இதே நான் தொலைந்து போயிருந்தால் இப்படி வைத்துக்கொள்வீர்களா என்று ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் என்ன கேட்டார் தெரியுமா? "சாப்பிட்டியா ஜெசிந்தா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசிய களைப்பு. பசி வேறு. போய் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சத்தமே இல்லை. திடீரென்று மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்குப் போனவர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வருகிறார். பிரித்தால் ஹார்ட் டிஸ்க். புத்தம் புதுசு. கையடக்கமான புதிய ஏற்பாடு இருக்குமே, அந்த அளவு. "ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே?" என்றேன். "அது உனக்கு, இது எனக்கு" என்றார். கேட்டீர்களா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு, உனக்கு என்று அந்த வாயில் வந்ததே கிடையாது. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அதை வாங்கி வந்த மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி, தானே மாட்டினார். கரண்ட் வேலை பார்த்தவர்தான், கை சுத்தம். ஒரு வயர் இங்கே, ஒரு வயர் அங்கே. மூடினார். ஆறு மணிக்கு ஆன் பண்ணினேன்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்." அதற்குக் கீழே, "ஆர் இன்செர்ட் பூட் மீடியா… அண்ட் ப்ரெஸ் எ கீ." அவ்வளவுதான். கன்னியாஸ்திரிகள் இல்லை, மலர் இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் போட்டோ இல்லாமல் வெறும் பெயர்களை அச்சடித்துவிடுவார்கள், மீதியை ரோஸ்லின் பார்த்துக்கொள்வாள். அவளைத் திரும்பிப் பார்த்து உட்கார வைத்தவள் நான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அணைத்துப் போட்டேன். மறுபடி அதே. வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு சொட்டு பெட்டியின் மேல் தடவினேன். மறுபடி அதே. சரி, ஒரு கீயை அழுத்து என்றுதானே சொல்கிறது, அழுத்துவோம் என்று உட்கார்ந்தேன். எந்தக் கீ என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் அழுத்துவதென்று முடிவு பண்ணினேன். நூற்று நான்கு கீ இருக்கிறது, எண்ணியிருக்கிறீர்களா? இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் கட்டிக் குறித்துக்கொண்டார். ஏ, திறக்கவில்லை. பி, திறக்கவில்லை. சி, திறக்கவில்லை. எழுதத் தெரிந்தது அது ஒன்றுதானே அவருக்கு.

கே வரைக்கும் வந்தபோது, "ஜெசிந்தா, டிஸ்க்குல எது முதல்ல எது ரெண்டாவதுன்னு ஒரு இடத்துல மாத்தணும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றார். "நீங்க பேசாம இருங்க, எனக்கு எண்ணிக்கை தப்புது" என்றேன். தப்பவும் செய்தது. மறுபடி ஏயிலிருந்து ஆரம்பித்தோம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தெருச் சங்கச் செயலாளருக்கு போன் போட்டேன். கோதண்டபாணி என்று பெயர். ப்ளம்பர், எலெக்ட்ரீஷியன், தண்ணி லாரி, யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷத்தில் அனுப்பி வைப்பார். நான் தெளிவாகச் சொன்னேன்: "மிஸ்டர் கோதண்டபாணி, வீ ஹேவ் எ பூட் ப்ராப்ளம்."

"பூட்டு ப்ராப்ளமா மேடம்?"

"பூட்டு இல்லை. பூட்."

"அதான் மேடம், பூட்டு. பத்து நிமிஷத்துல ஆள் வந்துருவாரு."

எங்கள் மதர் ஜெனவீவ் இருந்திருந்தால் கோதண்டபாணியின் விரல் முட்டியிலேயே ஸ்கேலால் ஒன்று வைத்திருப்பார். பூட், புக், கேட், எந்தச் சொல்லின் வாலிலும் 'உ' ஒட்டக் கூடாது. ஒட்டினால் அடி. இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். சரி, ஆள் வருகிறாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

பத்து நிமிஷத்தில் ஆள் வந்தார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. நாற்பது நாற்பத்தைந்து வயது. உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டர் இன்ஜினியராயிற்றே என்று நல்ல தம்ளரில் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "எந்த ரூம்மா?" என்றார். காட்டினேன். கதவைப் போய் நின்று பார்த்தார். கைப்பிடியைத் திருகினார். "நல்லாத்தானேம்மா இருக்கு?"

"வெளியே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்ளே எல்லாம் மாட்டிக்கிட்டு இருக்கு" என்றேன்.

"உள்ளயா? யாரு மாட்டிக்கிட்டது?"

"அறுபத்தெட்டு சிஸ்டர்ஸ். மதர் சுப்பீரியரும் சேர்த்து."

அந்த மனிதர் பையைக் கீழே போட்டுவிட்டார். "எப்பருந்தும்மா?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணியிலேருந்து."

"யா அல்லாஹ். தண்ணி, சாப்பாடு? மூச்சுக் காத்துக்கு ஜன்னலாவது இருக்கா?" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஓடி, காலியான அறையில் நடுவில் நின்று, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். கட்டிலுக்குக் கீழே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நேரம் போகுது, கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். பையைத் திறந்தார். உள்ளே அரம், சின்னச் சுத்தியல், கொத்துக் கொத்தாகச் சாவி.

"நீங்க யாரு?" என்றேன்.

"பூட்டுக்காரன்மா. சிக்கந்தர். கோதண்டபாணி சார் பூட்டு ப்ராப்ளம்னாரு."

திண்டுக்கல்லில் வந்து வாழ்க்கைப்பட்டதற்கு இதையும் அனுபவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வேறு எந்த ஊரிலாவது பூட் என்றால் பூட்டுக்காரர் வருவாரா? எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரித்தாரோ என்னமோ, எனக்குத் தெரியாது, நான் கவனிக்கவில்லை.

போகச் சொன்னேன். பாய் போகவில்லை. காபி குடித்துவிட்டேனே, என்னதான் எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். சரியான கருவியைக் காட்டி மறுபடி கிளப்பு என்கிறது என்று தமிழில் சொன்னேன். கடைசியில், ஒரு கீயை அழுத்தவும் என்று இருக்கிறது என்றேன்.

"கீன்னா சாவிதானேம்மா?"

"சாவிதான். ஆனா அது வேற."

"சாவிதான் கேக்குது. அப்ப நான் சரியாத்தான் வந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சைப் பாருங்கள். நேற்று வரை திறந்ததா என்று கேட்டார். திறந்தது. நேற்று புதுசாக என்ன செய்தீர்கள்? இவர் முன்னால் வந்து, இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டின கதையை ரீடிங் சொல்கிற மாதிரி ஒப்பித்தார்.

பாய் ஒரு விரலை ஆட்டினார். "ஒரு கதவுல பழைய பூட்டு ஒண்ணு இருக்கு. புதுசா இன்னொண்ணு போடறீங்க. வீட்டு ஆளே முதல்ல புதுப் பூட்டுலதான் சாவிய விடுவாங்க. இதுவும் அப்படித்தான் புதுசுகிட்டப் போயி நிக்குது. புதுசுக்குள்ள ஒண்ணுமில்ல. திறக்கலையேன்னு முழிக்குது. பழசுகிட்டப் போகணும்னு அதுக்கு யாராச்சும் சொல்லணுமில்ல?"

"அதத்தான் நேத்து…" என்று இவர் ஆரம்பித்தார். நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

பூட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? நான் காதிலேயே வாங்கவில்லை. ஆனால் எனக்கே அப்போது ஒரு யோசனை தோன்றியது. புதுசுதான் குறுக்கே நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டால்? "ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. இதைக் கழட்டித் தூரப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன்.

இவர் எடுக்கவில்லை.

வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் பின்னால் வைத்து மேசையைப் பிடித்துக்கொண்டு, வாசலை மறித்து நிற்கிற வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி நின்றார். "கழட்டக் கூடாது ஜெசிந்தா" என்றார்.

"என்ன?"

"கழட்டக் கூடாது. ஒரு தடவ போச்சு. போதும்."

மணி பத்தரை. பாய் எழுந்து நின்றுவிட்டார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது ஞாபகமில்லை, ஆனால் கோதண்டபாணி வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இவர் நகரவே இல்லை. பூனை மாதிரி இருக்கிற மனிதர், யாருக்காக? இல்லாத நாய்களுக்காக. அதைக்கூட விடுங்கள். அவர் குரலை உயர்த்தவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. உயர்த்தியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன்.

பாய்தான் நடுவில் புகுந்தார். "ரெண்டும் இருக்கட்டும்மா. எது முன்ன, எது பின்னன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பாங்க. அத மட்டும் மாத்துனாப் போதும்."

"ஆன் பண்ணின உடனே டிலீட் கீய அழுத்தணும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றார் இவர்.

"அப்ப அழுத்துங்க!"

"நீயே அழுத்து ஜெசிந்தா. டிலீட் உனக்குத்தான் பழக்கம்."

இதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இருக்காது. அவருக்கு அதெல்லாம் வராது.

அழுத்தினேன். நீலத் திரை வந்தது. முழுக்க ஆங்கிலம். இரண்டு ஆண்பிள்ளைகளும் என் பின்னால் வந்து நின்று திருவிழா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பூட் பிரையாரிட்டி" என்று ஓர் இடம். அதில் ஒன்று, இரண்டு என்று வரிசை. ஒன்றில் அவருடைய புது டிஸ்க், இரண்டில் என்னுடைய பழைய டிஸ்க். எப்படி இருக்கிறது கதை! வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் முதல் இடம். மாற்றினேன். ஒன்று என்னுடையது, இரண்டு அவருடையது. காப்பாற்றி வை என்று சொல்லி வெளியே வந்தேன். கம்ப்யூட்டர் கம்மென்று திறந்து, அறுபத்தெட்டு பேரும் சிரித்த முகமாக வந்து நின்றார்கள்.

இப்போது சொல்லுங்கள், கண்டுபிடித்தது யார்? நான்தானே? "பிரையாரிட்டி" என்பதை வாசிக்கத் தெரிந்தது யாருக்கு? பாய் வெளியே போய், "நான்தான் பூட்டுக்குப் பூட்டு வரிசை சொல்லித் திறந்தேன்" என்று கோதண்டபாணியிடம் சொல்லியிருக்கிறார். அவரும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நன்றியே எதிர்பார்க்காமல் வாழ எனக்குப் பழகிவிட்டது. மலர் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. ரோஸ்லினுக்கு ஒரு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இல்லை இல்லை, கதை முடியவில்லை. நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லையே.

அன்றிலிருந்து இவர் தினமும் காலையில் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன் டிஸ்க்கில் நாய்களை மறுபடி எழுத ஆரம்பித்தார். ஞாபகத்திலிருந்து. போட்டோவுக்கு மறுபடி வெயிலில் அலைந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். போன வியாழக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். ஒளிந்து பார்க்கவில்லை, என் கம்ப்யூட்டர். எத்தனை என்று கீழே எண் காட்டுமே? முந்நூற்றுப் பதிமூன்று.

நான் அழித்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. ஞாபகத்திலிருந்து எழுதினால் குறையலாம். எப்படிக் கூடும்? எனக்குக் கணக்கில் எப்போதும் டிஸ்டிங்ஷன். தப்பு எங்கே என்று தேடினேன். கடைசியாக எழுதியிருந்தது எது என்று பார்த்தால், பாத்திமா நகர், மூன்றாவது தெரு, கதவு எண் பதினான்கு.

அது எங்கள் வீடு.

எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் நாய் வளர்த்தது கிடையாது! எனக்கு நாய் முடியே ஆகாது, தும்மல் வரும். இவருக்கு மூளை குழம்பிவிட்டதா என்று பயந்தே போனேன். திறந்தேன். நிறம் என்ற இடத்தில் "மாநிறம்" என்று போட்டிருந்தது. நாய்க்கு மாநிறம் என்று யாராவது எழுதுவார்களா? கறுப்பு, செவலை என்றுதானே சொல்வார்கள். குரைக்கும்: ஆம். கடிக்கும்: இல்லை. அடுத்தது குறிப்பு. நன்றாக நீளமாக இருந்தது, மற்ற நாய்க்கெல்லாம் ஒரு வரி இரண்டு வரிதான், இதற்கு ஏழெட்டு வரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சொல்லைப் படிப்பதற்குள் இவர் துண்டோடு வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டார். குளித்த ஈரத்தோடு ஸ்விட்சில் கை வைக்கிறார், கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர்!

"நம்ம வீட்டுல ஏதுங்க நாய்?" என்றேன்.

"அது… ஒரு இதுக்காக" என்றார். காது சிவந்துவிட்டது அவருக்கு.

மறுநாள் பார்த்தால் அவர் டிஸ்க்கைத் தொட்டாலே பாஸ்வேர்ட் கேட்கிறது. பூட்டிவிட்டார். என் பெயரைப் போட்டேன், இல்லை. கல்யாண நாள், இல்லை. அவருடைய அம்மா பெயர், இல்லை. நாய்ப் பெயரா இருக்குமோ என்று ஒரு சாயங்காலம் முழுக்க டைகர், ஜிம்மி, மணி என்று போட்டேன். இல்லை. அவரிடமே கேட்டுவிடலாம்தான். கேட்டால் சொல்லிவிடுவார், அவருக்கு மறைக்கத் தெரியாது. ஆனால் நான் ஏன் கேட்க வேண்டும்?

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். தப்பு தப்புதானே. நாய் இல்லாத வீட்டுக்கு நாய் இருப்பதாக எழுதினால் அது பொய்ப் பதிவு. எடிட்டராக இருந்தவள், திருத்தாமல் விட முடியுமா? திருத்துவதற்கு முன்னால் அந்தக் குறிப்பில் என்னதான் எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டு வரி. இருபத்தெட்டு வருஷத்தில் இவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினதில்லை. இல்லாத நாய்க்கு ஏழெட்டு வரி எழுதியிருக்கிறார்.

என்ன, தொண்டையில் ஏதாவது மாட்டிக்கொண்டதா? தண்ணீர் குடியுங்கள். ஏன் அப்படி முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறீர்கள்?

இதோ, பாயே வந்துவிட்டார். பாய்! வணக்கம். நான்தான், பதினாலாம் நம்பர். இதற்குள் ஒரு பூட்டு… என்னது? தெரியுமா? எப்படித் தெரியும்? சார் நேற்று இங்கே வந்தாரா? எவ்வளவு நேரம்? காபி குடித்தாரா? சரி, வந்தது நல்லதாய்ப் போயிற்று. திறங்கள்.

என்ன, திறக்க மாட்டீர்களா? உடைமைக்காரர் பக்கத்தில் நின்றால்தான் திறப்பீர்களா? இதென்ன புதுச் சட்டம்? உங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடமா? நான் யார் பாய்? அவர் பெண்சாதி. வீட்டுக்கு நான்தானே… அந்த வீட்டுக்கு நான் உடைமைக்காரி, இந்த டிஸ்க்குக்கு இல்லையா? யார் சொன்னது? அது என் பெட்டிக்குள் இருக்கிறது! என் மேசையில் இருக்கிறது! நான் தினமும் துடைக்கிற மேசை! ஒன்று என்னுடையது, இரண்டு அவருடையது, வரிசை போட்டவளே நான்தான், நீங்களும்தானே பின்னால் நின்று பார்த்தீர்கள்! நானா கத்துகிறேன்? நான் கத்தவில்லை. என் குரலே இதுதான். எதிர்க் கடையிலிருந்து எதற்கு எட்டிப் பார்க்கிறார்கள், போய் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்! நாயே இல்லாத வீட்டில் என்ன குறிப்பு என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? நான் கேட்காமல் வேறு யார் கேட்…

என்ன பாய்?

சாப்பிட்டேனாவா?

இல்லை பாய். எங்கே சாப்பிட்டேன், காலையில் இரண்டு இட்லி, அவ்வளவுதான். கொஞ்சம் நகருங்கள், உட்கார்ந்துகொள்கிறேன்.